டீக்குப் போன ஆறு மாதம்

‘பிளாஸ்க் அக்கா’ என்று ஊர் கூப்பிடுகிறவள் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது முறையும் படித்தாள். எழுத்து மாறவில்லை. பயிற்சிப் பள்ளி அச்சடித்துக் கொடுத்த தாள் அது. ‘மாணவரின் ஆர்வம்’ என்ற இடத்துக்கு எதிரே குண்டு குண்டான கையெழுத்தில் ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. கீழே கார் பட்டறை உரிமையாளர் சங்கத் தலைவரின் கையெழுத்து, அதன்மேல் முத்திரை.

மாணவி, பிளாஸ்க்கின் அக்கா மகள். பதினெட்டு வயது, கார் மெக்கானிக் படிப்பில் கடைசி வருடம். ஆறு மாதம் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை பழக வேண்டும். சொந்தக்காரர் பட்டறை கூடாது என்பது பள்ளியின் சட்டம். இல்லாவிட்டால் பிளாஸ்க் தன் மெக்கானிக் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். அதனால் சங்கத் தலைவரின் பட்டறையில் சேர்த்துவிட்டிருந்தாள். பழகி முடிக்கும்போது பட்டறைக்காரர் இந்தத் தாளை நிரப்பித் தர வேண்டும், திங்கள்கிழமை அதைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். இந்த ‘இல்லை’யோடு கொடுத்தால் சான்றிதழ் கிடையாது. இரண்டு வருடப் படிப்பும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

“என்னடி இது?” என்றாள் பிளாஸ்க். “உங்கம்மா வேண்டாம் வேண்டாம்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான்தான் சண்டை போட்டு உன்னைச் சேர்த்துவிட்டேன். இப்ப அவ முகத்துல எப்படி முழிப்பேன்? முதல்ல அந்தப் போனைக் கீழே வை! எப்பப் பாரு அதுலேயே கண்ணு. அப்புறம் ஆர்வம் இல்லைன்னு எழுதாம வேற என்ன எழுதுவாங்க?”

பெண் போனைக் கீழே வைக்கவில்லை. திருப்பிக் காட்டினாள். திரையில் ஒரு முகமும் இல்லை. இரண்டு கைகள் மட்டும் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு பாஷையில் ஒருவர் பேசிக்கொண்டே போனார்.

“இவர் பேசறது உனக்குப் புரியுதா?”

“ஒரு வார்த்தை புரியாது சித்தி. கையை மட்டும் பாப்பேன். இவர் என்னை வெளியே அனுப்பறது இல்லையே.”

“யாரு உன்னை வெளியே அனுப்பறா?”

“தலைவர்தான். எஞ்சினைத் திறக்கற வரைக்கும் நான் வேணும். முக்கியமான இடம் வந்ததும், ‘பாப்பா, டீ வாங்கிட்டு வா’ன்னுடுவார். நான் வர்றதுக்குள்ள மூடியிருப்பாங்க. டீ ஆறிப்போச்சுன்னு திட்டு வேற.”

பிளாஸ்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த டீயை அவளுக்கு நன்றாகவே தெரியும். அவளுக்குப் பேர் வந்ததே அந்த டீயால்தான்.

பத்தொன்பது வயதில் அவள் அதே பட்டறைக்குக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். அப்போது முதலாளி, இப்போதைய தலைவரின் அப்பா. கைராசிக்காரர், அதோடு அழுத்தக்காரர். வேலை பழக வந்த பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். போல்ட்டுகளைக் கழற்றிக் கழுவி வரிசையாக அடுக்கிவைக்க அவர்கள் வேண்டும். சூட்சுமமான இடம் வந்துவிட்டால் பெரியவருக்கு உடனே நாக்கு வறண்டுவிடும். “போய் டீ சொல்லுங்கடா” என்பார். நாலு டம்ளர் டீக்கு நாலு பேர் ஓடுவார்கள். போகும்போது செத்துக் கிடந்த வண்டி, திரும்பி வரும்போது உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, அவருடைய மகனைத் தவிர. அந்தப் பதினாலு வயதுப் பையனை மட்டும் யாரும் டீக்கு அனுப்பவில்லை. அவனுக்கு உயரம் போதவில்லை என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் துடைப்பமும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பெரிய பிளாஸ்க் வாங்கினாள். காலையிலேயே டீ போட்டு நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள். பெரியவர் வாயைத் திறந்து “டீ” என்று முடிப்பதற்குள் டம்ளர் அவர் கையில் இருந்தது. மனிதர் முழித்தார். அடுத்து பீடி வேண்டும் என்றார், அதுவும் அவள் பையில் இருந்தது. கை துடைக்கத் துணி என்றார், தோளிலேயே தொங்கியது. மூன்று வாரத்தில் அவருக்கு அனுப்பக் காரணம் தீர்ந்துபோய்விட்டது. கடைசியில், “நின்னு தொலை. லைட்டையாவது ஒழுங்காப் பிடி” என்றார். எட்டு வருடம் லைட்டைப் பிடித்தாள். பிறகு ஸ்பானரைப் பிடித்தாள். இருபது வருடமாகச் சொந்த ஷெட். முதல் வருடம் வந்தவர்களில் பாதிப்பேர் வண்டியை விட வரவில்லை, பொம்பளை வண்டிக்கு அடியில் படுப்பதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் வேலை செய்து காட்டினாள். பேர் மட்டும் பிளாஸ்க் அக்கா என்றே நிலைத்துவிட்டது.

பெரியவரோடு அந்த வழக்கமும் போய்விட்டது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் அக்கா மகளை அங்கே சேர்த்தாள். இப்போது தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் சனிக்கிழமை, சங்கக் கூட்டம். தலைவரின் பட்டறையில்தான் எப்போதும் நடக்கும். கிளம்பும்போது அவளுடைய வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாசல்வரை வந்தார். “பாரு, தாளுக்காகப் போற. போனோமா, பதமா கேட்டோமா, வந்தோமான்னு இருக்கணும். வாயை விட்டுடாதே” என்றார். சரி என்று தலையாட்டினாள். அந்த வாக்கை அவள் பத்து நிமிடம் காப்பாற்றினாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய சாதனைதான்.

உறுப்பினர் மொத்தம் பதினொரு பேர். அவள் ஒருத்திதான் பெண். ஜாக்கியில் ஏற்றி நிறுத்திய ஒரு வெள்ளைக் காரைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பட்டறையில் அக்கா மகளுக்கு அன்றுதான் கடைசி நாள். சுவரோரம் ஸ்பானர்களைத் துடைத்து ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கூட்டம் தொடங்குமுன் தலைவர் பிளாஸ்க்கைத் தனியாக அழைத்துப் போனார்.

“உங்க பொண்ணு விஷயம் எனக்கும் வருத்தம்தான் அக்கா. உங்களுக்காக அதை மாத்தி எழுதித் தரேன். நீங்க ஒண்ணு பண்ணணும். இன்னிக்கு ஒரு தீர்மானம் வருது. எல்லாரும் கையைத் தூக்கினாத்தான் செல்லும். நீங்களும் தூக்கிடுங்க.”

தீர்மானத்தைச் செயலாளர் எழுந்து நின்று படித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கார் வேலையில் ஆர்வம் இல்லாத காரணத்தால், இனிமேல் எந்தப் பட்டறையும் பயிற்சிக்கு ஆள் எடுக்காது. தலைவர் விளக்கம் சொன்னார். “நம்ம காலத்துல எஞ்சின் சத்தம் கேட்டா ஓடி வருவோம். இதுங்க போனைத் தவிர எதையும் நிமிர்ந்து பாக்கறது இல்லை. எனக்கு வாய்ச்சது ஆறு மாசத்துல வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆர்வம்னு ஒண்ணு இருந்தா கேக்க மாட்டாங்களா? ஏற்கிறவங்க கையைத் தூக்குங்க.”

பத்துக் கைகள் எழுந்தன. பிளாஸ்க்கின் கை மடியிலேயே இருந்தது. தலைவர் அவளைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினார். கையைத் தூக்கினால் தாள் கிடைக்கும். அக்காவின் முகத்தில் முழிக்கலாம். பெண்ணின் இரண்டு வருடம் தப்பும். ஒரே ஒரு கை, அதுவும் ஒரு நிமிஷம். சுவரோரத்தில் பெண் துடைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் தூக்க மாட்டேன்” என்றாள் பிளாஸ்க்.

“அக்கா, யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிச்சாச்சு. இவ பேரைக் காப்பாத்த, இவ வயசுப் பிள்ளைங்க எல்லார் மேலேயும் பழி போடச் சொல்றீங்க. என்னால முடியாது. ஆர்வம் இல்லைன்னு எந்த மீட்டரை வெச்சு அளந்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

தலைவருக்கு முகம் சிவந்தது. பத்துப் பேர் முன்னால் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. “முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கு மீட்டர் வேணுமா? இதோ நிக்குது வண்டி, டைமிங் பெல்ட் மாத்தணும். வா பாப்பா, ஆரம்பி. உன் லட்சணத்தை எல்லாரும் பாக்கட்டும்!”

பெண் வந்தாள். பக்கத்து பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினாள். பெல்ட் சுற்றி ஓடும் கீழ்ப் புல்லியின் போல்ட் அசையாமல் அடம்பிடித்தது. ஸ்பானர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். போல்ட் படாரென்று விட்டுக்கொடுத்தது. நாற்காலிகளில் ஒரு ‘ம்’ எழுந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் வைத்தாள். மூடி வெளியே வந்தது. உள்ளே மேலும் கீழும் பல்சக்கரங்களைச் சுற்றி ஓடிய பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது.

இதுதான் இடம். புது பெல்ட்டை மாட்டும்போது மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் அதனதன் குறியில் நிற்க வேண்டும். தப்பாக நின்றால் உள்ளே ஒன்றோடொன்று இடித்து எஞ்சின் நாசம். பட்டறைக்குப் பட்டறை இதில் ஒரு கைவாகு உண்டு. தலைவர் பெண்ணை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு சக்கரத்தை மெல்லத் திருப்பினார். வேலை அவரை இழுத்துக்கொண்டது. கூட்டம் மறந்தது, தீர்மானம் மறந்தது. தலையைத் திருப்பாமலே, தாராளமாக, “பாப்பா, போய் டீ சொல்லிட்டு வா” என்றார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் போகலை சார்” என்றாள் பெண்.

“என்ன?”

“ஆறு மாசமா இந்த இடத்துலதான் வெளியே போறேன். எதைப் பாத்துட்டுக் கேள்வி கேக்கறது? இன்னிக்கு இங்கேதான் நிப்பேன்.”

தலைவர் நிமிர்ந்தார். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. “நான் எப்ப அனுப்பினேன்?” என்று ஓரமாக நின்ற தன்னுடைய தலைமை மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார்.

“தினமும்தான் தலைவரே” என்றார் அவர் தரையைப் பார்த்தபடி.

பிளாஸ்க் எழுந்தாள். ஊருக்குத்தான் அவர் தலைவர். அவள் கண்ணுக்கு ஸ்டூல்மேல் நின்ற பையன்தான் தெரிந்தான். “தம்பி, உங்கப்பாவுக்கும் இதே இடத்துலதான் டீ வேணும். உன்னை ஸ்டூல் போட்டு ஏத்திவிட்டு பழக வந்த பசங்களைத் தெருவுக்கு அனுப்பினார். நீயும் அதையே பண்ணிட்டு ஆர்வம் இல்லைன்னு எழுதறே. எங்கே இருக்கும்? அதைத்தான் தினம் டம்ளரைக் கொடுத்து நீயே வெளியே அனுப்பறியே!”

“நான் டீக்கெல்லாம் அனுப்பறது இல்லைப்பா. பன் வாங்கத்தான் அனுப்புவேன்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்களில் சிலர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அவரவர் பட்டறை அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தலைவர் கையைத் துடைத்தார். “தாளைக் கொடுங்க” என்றார். பிளாஸ்க் கொடுத்தாள். ‘இல்லை’யை அழுத்தமாக அடித்தார், பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போகும்போல இருந்தது. பக்கத்தில் ‘உண்டு’ என்று எழுதி முத்திரை குத்தி நீட்டினார். “போதுமா?”

“இது போதும். கையை மட்டும் இப்பவும் தூக்க மாட்டேன்” என்றாள் பிளாஸ்க். திட்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஆனால் கேட்க ஆள் இல்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காருக்குக் கிட்டே நகர்ந்துகொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் எந்தப் பட்டறைக்காரரும் இன்னொரு பட்டறையில் பெல்ட் மாட்டுவதைப் பார்த்ததில்லை.

பெண் தாளின் பக்கம் திரும்பக்கூட இல்லை. எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தாள்.

“சார், மேல் சக்கரத்துல ரெண்டு புள்ளி இருக்கு. எதை நேரா வைக்கணும்?”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். பத்து ஜோடிக் கண்கள். இது அவருடைய அப்பா வெளியாருக்கு வாய் திறந்து சொல்லாத சங்கதி. பெண் நகரவில்லை, லைட்டை அவர் கைப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“உள்பக்கத்துல இருக்கிறதை” என்றார் கடைசியில்.

“ஏன் சார்?” என்றாள் அவள்.