தாடைக்கு முன் நின்ற குத்து

தங்கவயலுக்கு மின்சாரம் வந்த சமயம், அங்கே பாலகாட் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலையில் இருந்தேன். வெள்ளைக்காரர்களைப் பார்த்து நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் குத்துச்சண்டை போடுவோம். எடை சமமாக இருப்பவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். நடுத்தர எடையில் என் குத்துதான் பலமானது என்று எனக்குக் கர்வம்.

ஒருநாள் எனக்கு ஜோடியாகச் சின்னப்பன் வந்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டான கேஜில் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். நெட்டையான உடம்பு, ஒல்லியான கை.

"இன்னாபா, இந்தக் குச்சிக் கையால குத்துனா ஈ சாவுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பலம் பார்க்க முதலில் கயிற்றில் தொங்கிய மணல் மூட்டையைக் குத்தினோம். என் குத்துக்கு மூட்டை ஒரு முழம் நகர்ந்தது. அவன் குதிகாலைத் திருப்பி, இடுப்பை வீசிக் குத்தினான். இரண்டு முழம் போய் வந்தது. இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த ஆத்திரத்தில், சண்டையில் சுற்று முடிந்ததென்று மணியடித்து அவன் திரும்பிய பிறகு, பின்னாலிருந்து காதோரம் குத்திவிட்டேன். தள்ளாடியவன் சட்டென்று திரும்பினான். கையைத் தூக்கித் தடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் முஷ்டி என் தாடைக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றது.

"நாளைக்கு நீ ஷிப்டுக்குப் போவணும். தாடை ஒடைஞ்சா உன் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவாங்க?" என்றான்.

எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழம சீக்கிரம் வா. இடுப்ப எப்படித் திருப்பணும்னு காட்டறேன்" என்றான்.

போனேன். அதன்பிறகு எத்தனையோ பேருடைய குத்தை வாங்கியிருக்கிறேன். என்னை மாற்றியது, என்மேல் விழாத அந்த ஒன்றுதான்.