ரிமோட் பூட்டும் நாச்சியார் கிளியும்

சித்திரை வெயிலில், நாலு கதவும் பூட்டிக்கொண்ட காருக்குள் என் மகள். வெளியே நான். நடுவில் ஒரு கண்ணாடி. சாவியும் அவளோடு உள்ளேதான் கிடக்கிறது. போன வருஷம், தொண்ணூற்றெட்டில் நடந்ததை இப்போது எழுத உட்கார்ந்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய், கோதை எங்கே விளையாடுகிறாள் என்று பார்த்துவிட்டு வந்தேன். என் சுபாவம் அப்படி. மார்கழியில் என்னோடு சேர்ந்து திருப்பாவை பாடுகிற உங்களுக்கு அது தெரியும். இதையும் என்னைப் போலவே உட்காராமல் நிற்காமல்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ராஜபாளையம். என் வீட்டுக்காரர் தறிகளில் பேண்டேஜ் துணி எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர். கோதை எங்கள் ஒரே பிள்ளை, அப்போது நாலு வயது. அவளுக்கு வீசிங் உண்டு. தூசி பட்டாலும் அடைசலான இடத்தில் இருந்தாலும் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். மதுரை டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். மூச்சு இழுக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏற்றும் பஸ்ஸில் மதுரை வரைக்கும் போவதென்றால் என்ன என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பழைய காரை வாங்கினோம். ஊருக்குப் பழசு, எங்களுக்குப் புதுசு.

வாங்கின முதல் வாரமே, கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும்போது கோதை பின்கதவின் பிடியை இழுத்துவிட்டாள். கதவு திறந்துகொண்டது. நல்ல வேளை, முன்னால் ஒரு காலேஜ் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்ததால் எங்கள் வண்டியும் மெதுவாகத்தான் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. கதவுகளுக்கு ஒரு வழி செய்யாமல் பிள்ளையை அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மதுரையில் ஒரு கடையில் ரிமோட் பூட்டு மாட்டித் தந்தார்கள். சாவியோடு சேர்ந்து தொங்கும் கறுப்பாக ஒரு சின்ன சாமான். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் நாலு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். இன்னொன்றை அமுக்கினால் திறக்கும். பூட்டியிருக்கும்போது யாராவது கதவில் கை வைத்தால் ஊரைக் கூட்டுகிற மாதிரி சைரன் ஊளையிடும். இந்தப் பழைய வண்டிக்கு இம்புட்டு அலங்காரமா என்று இவர் கேலி செய்தார். நான் காதிலேயே வாங்கவில்லை. அந்த 'டக்' சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சே சீராக வரும்.

பூட்டு மாட்டிய கையோடு, ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். ஆண்டாள் கோயிலில் வண்டிக்குப் பூசை போடாமல் எங்கள் பக்கம் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. பட்டர் சாவிக்கொத்தை வாங்கி நாச்சியார் திருவடியில் வைத்தார். துளசி வைத்து, குங்குமம் வைத்து, தீர்த்தம் தெளித்தார். எனக்கு அது போதவில்லை. பிள்ளைக்காக வாங்கின வண்டி சாமி, இன்னும் கொஞ்சம் தெளியுங்கள் என்று கேட்டேன். அவரும் நல்ல மனசோடு தாராளமாகவே தெளித்தார். சாவி, ரிமோட், துளசி எல்லாம் சொட்டச் சொட்ட என் கைக்கு வந்தன. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ரிமோட்டுக்குள்ளும் குளிர்ந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிளம்பும்போது பட்டர் கோதையைக் கூப்பிட்டு, முந்தின நாள் நாச்சியார் கையில் இருந்த கிளியை அவளிடம் கொடுத்தார். இலைகளால் கட்டி, மாதுளம்பூவை மூக்காக வைத்த கிளி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்து கோதையைப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். தெருவில் புழுதி பறந்துகொண்டிருந்ததால் கண்ணாடிகளை நான்தான் ஏற்றிவிட்டேன். இவர் சாவியையும் பிரசாதத் தட்டையும் முன்சீட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். அவர் முன்சக்கரத்துக்குக் குனிந்தார், நான் பின்சக்கரத்துக்குக் குனிந்தேன். 'டக்' என்றது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் அமுக்கினாரோ என்று நானும், நான் அமுக்கினேனோ என்று அவரும். சாவி சீட்டில் கிடந்தது. கதவை இழுத்தார். சைரன் கத்த ஆரம்பித்தது. கோதை பயந்துபோய் அழுதாள்.

கண்ணாடி ஓரமாக இருக்கும் குமிழை மேலே தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். கெட்டிக்காரி, தூக்கினாள். இவர் கதவைத் திறக்குமுன் 'டக்' என்று குமிழ் தானாக உள்ளே இறங்கிக்கொண்டது. மறுபடி தூக்கினாள். மறுபடி 'டக்'. பேய் பிடித்த மாதிரி, அவள் தூக்கத் தூக்க அது இறங்கிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியோ, அதே சத்தம் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சில் விழுந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து கண்ணாடி இடுக்கில் விட்டுப் பார்த்தார். எதிரே கடை வைத்திருந்த பாய் ஒருவர், நாங்கள் கேட்காமலே எங்கள் வீட்டு நம்பரை வாங்கிப் போன் போட்டு, பீரோவில் இருந்த இன்னொரு சாவியை எடுத்து வரும்படி என் கொழுந்தனாரிடம் சொன்னார். தம்பி பைக்கில் கிளம்பிவிட்டார் என்று வந்து சொன்னார். வர எம்புட்டு நேரம் ஆகும் என்று கேட்டேன். அவர் காரையும் பார்த்தார், வெயிலையும் பார்த்தார்.

இவர் கல்லை எடுத்துவிட்டார். பூசை போட்ட வண்டியில் கண்ணாடியை உடைப்பது அபசகுனம் என்று பக்கத்தில் ஒரு பெரியவர் ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில் வயசையும் பார்க்கவில்லை.

"சகுனம் எங்களுக்குத்தானய்யா, உங்களுக்கு இல்லையே. செத்த தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். ஆனாலும் உடைக்க முடியவில்லை. ஏனென்றால் கோதைக்கு அப்பா வேண்டும். அவர் வலப்பக்கம் போனால் வலப்பக்கக் கண்ணாடியில் வந்து முகத்தை ஒட்டிக்கொண்டாள். இடப்பக்கம் ஓடினால் அங்கே வந்தாள். முன்பக்கம் போனால் சீட்டு இடுக்கு வழியாக ஏறி வந்தாள். தள்ளிப் போம்மா, தள்ளிப் போம்மா என்று அவர் கத்துகிறார். அப்பா கூப்பிடுகிறார் என்று அவள் இன்னும் கிட்டே வருகிறாள். ஓங்கின கல்லைக் கடைசியில் கீழே போட்டுவிட்டார்.

"முடியலட்டி. பிள்ளை கண்ணுல தெறிச்சிரும்" என்றார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

அழுது அழுது பிள்ளை களைத்துப் பின்சீட்டில் சரிந்தாள். அப்போது அவளுடைய தொண்டைக்குழி உள்வாங்குவது தெரிந்தது. சத்தம் கேட்க வேண்டியதே இல்லை, அந்தக் குழியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. மருந்து என் கைப்பையில். கைப்பை காருக்குள்.

இரண்டு கையையும் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றேன். சுடுவதுகூடத் தெரியவில்லை. பக்தியாக ஒன்றும் வேண்டவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சண்டைதான் போட்டேன். உன் காலடியில் வைத்து எடுத்து வந்த சாவிதானே தாயே, அதற்கே இந்தக் கதியா? பூட்டைத் திற. இந்தப் பூட்டைத் திற. அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை வரவில்லை. பூட்டு திறக்கவில்லை. பிறகு கேட்பதற்கும் தெம்பில்லாமல், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கோதையின் கையில் கிளியைப் பார்த்தேன். அவ்வளவு அமளியிலும் அவள் அதைக் கீழே போடவில்லை. கதவில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி அவள் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூட்டினால் கதவுதான் திறக்காது, கண்ணாடி இறங்கும். இது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினேன்.

"கோதை, கிளிக்கு வேர்க்குது பாரு. அந்தக் கைப்பிடியைச் சுத்திக் கண்ணாடியை எறக்கு. கிளியை அம்மாட்ட குடு."

அவள் என்னைப் பார்த்தாள். கிளியைப் பார்த்தாள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். இறுகின கைப்பிடி அது, எண்ணெய் போட வேண்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளை உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினாள். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது. அந்த இடுக்கில் முதலில் வெளியே வந்தது கிளியின் சிவந்த மாதுளம்பூ மூக்கு.

அதற்குள் இவர் விரலை விட்டுக் கண்ணாடியைக் கீழே அழுத்தினார். உள்ளே அவள் சுற்ற, வெளியே இவர் அழுத்த, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஜன்னல் வழியாகவே பிள்ளையை வாரி இழுத்தேன். உடைந்தது என் வளையல்கள் மட்டும்தான். பாய் தன் கடையின் மின்விசிறிக்கு அடியில் எங்களை உட்கார வைத்தார். இவர் ஜன்னல் வழியாகப் புகுந்து கைப்பையை எடுத்து வந்தார். மருந்து உள்ளே போய், தொண்டைக்குழி மெல்ல மெல்ல அடங்கிய பிறகுதான், தெருவில் சைரன் இன்னும் கத்திக்கொண்டிருப்பதே எனக்கு உறைத்தது.

பின்னால் மதுரைக் கடையில் அந்த ரிமோட்டைத் திறந்தார்கள். உள்ளே தண்ணீர், குங்குமக் குழம்பு, ஒரு துளசி இணுக்கு. பூட்டுகிற பொத்தான் உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, பூட்டு பூட்டு என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கிணற்றில் விழுந்துவிட்டதா என்று கடைக்காரர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் கடை வாசலைப் பார்த்தேன். அன்றே அதைக் கழற்றிப் போட்டுவிட்டோம். பின்கதவுக்கு, உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி ஒரு சாதாரணக் கொக்கியோடு சரி.

இத்தனை நாளும், கிளிக்கு வேர்க்குது என்ற அந்த வார்த்தையை என் வாயில் வைத்தவள் நாச்சியார் என்றுதான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஆடிப்பூரத்துக்குக் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, அன்றைக்கு அம்மா சொன்னதும் எவ்வளவு சமர்த்தாகக் கண்ணாடியை இறக்கினாய் என்று கோதையைக் கொஞ்சினேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ சொன்னது கேக்கலம்மா. அந்தச் சத்தத்துல உன் வாய் மட்டும் ஆடுச்சு. கிளிக்கு வேர்த்துச்சு, அதான் தொறந்தேன்."

நான் கையைக் காட்டியிருப்பேன், அதைப் பார்த்துச் செய்திருப்பாள் என்கிறார் இவர். என் இரண்டு கையும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும். அவர் சொல்வதை அவர் சொல்லட்டும்.

இப்போதும் நான் பதறுகிறவள்தான். ஆனால் இரவில் தூங்குகிறேன். வேண்டிக்கொள்வதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் இந்தக் கதவைத் திற, இப்போதே திற என்று தாயாருக்கு வேலை சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்லிவிட்டு, வழியை அவளிடம் விட்டுவிடுகிறேன். உங்களில் யாராவது பூட்டின கதவுக்கு முன்னால் நின்று தவித்துக்கொண்டிருந்தால், நீங்களும் அப்படி விட்டுப் பாருங்கள். சாவியைத் தாராளமாகத் திருவடியில் வையுங்கள். ரிமோட் இருந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தாயார் கோபித்துக்கொள்ள மாட்டாள்.