என் பேருக்கு மாறிய கார்

போன வருஷம் தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஜொகூர்பாருவில், தம்போய் பக்கம் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் பலகார வாசம் அடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு மட்டும் காருக்கு ரோட் டாக்ஸ் முடியப்போகிறதே என்ற கவலை.

கார் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய சின்னக் கார். அதில்தான் என் பிழைப்பு. காலையில் சமைத்துப் பொட்டலம் கட்டி, பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு, தம்போயில் இருக்கிற ஒர்க்‌ஷாப்புகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கும்போது என் கணவருக்குத்தான் சம்பளச் சீட்டு இருந்தது, அதனால் அவர் பேரில் லோன் போட்டோம். மாதத் தவணை கட்டியது சாப்பாட்டுக் காசில். லோன் முடிந்த கொஞ்ச நாளில் அவர் வீட்டை விட்டுப் போனார். பொந்தியானில் ஓர் அன்னாசித் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே வேறொரு பெண்ணோடு குடித்தனம் என்று கேள்விப்பட்டேன். காரை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதையே நான் ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாமானை விட்டுப் போனவர் திரும்பி வருவார் என்று ஒரு எண்ணம்.

அவர் போன பிறகும் அவருடைய அடையாள அட்டை நகலைக் கொடுத்து, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கடையில் நானே ரோட் டாக்ஸைப் புதுப்பித்தேன். கடைக்காரச் சீனப் பெண்மணி, “சுவாமி நல்லா இருக்காரா?” என்று மலாயில் விசாரிப்பார். “நல்லா இருக்காரு” என்று சொல்லிவிட்டு வருவேன். சுவாமி என்றால் மலாயில் கணவர்.

இந்த முறை அந்தப் பெண்மணி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆன்ட்டி, இது போகாது. உங்க சுவாமி பேரை பிளாக் பண்ணியிருக்காங்க. அவர் பேர்ல ஒரு மோட்டார்சைக்கிள் இருக்கு. அதுக்கு போலீஸ் போட்ட அபராத சம்மன் நிறைய கட்டாம கெடக்கு. ஒண்ணு கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. அவரே போய் முடிக்கணும். அது முடியாம அவர் பேர்ல எந்த வண்டிக்கும் ரோட் டாக்ஸ் கிடைக்காது.”

அவர் மோட்டார்சைக்கிள் வாங்கியதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதில் யாரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு எந்த ரோட்டில் வேகமாகப் போனாரோ, அது இங்கே என் சோற்றுப் பானையை வந்து இடித்துவிட்டது.

“பேசாம காரை உங்க பேருக்கு மாத்திக்குங்க. இல்லன்னா வருஷா வருஷம் இதே கதைதான்” என்றார் அந்தப் பெண்மணி. பேர் மாற்ற வேண்டுமென்றால் போக்குவரத்து இலாகாவுக்கு இரண்டு பேரும் நேரில் போய்க் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டுமாம்.

என் போனை என் கணவர் எடுப்பதில்லை. அதனால் எப்படியாவது சமாளிக்கலாம் என்று சில நாள் ரோட் டாக்ஸ் இல்லாமலே காரை ஓட்டினேன். அதோடு சேர்த்துப் போடுகிற இன்சூரன்ஸும் கிடையாது. யார் மேலாவது இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவேன். ஒருநாள் திருப்பத்தில் திரும்பியதும் முன்னால் போலீஸ் ரோட் பிளாக். எப்படித் திருப்பினேன் என்றே தெரியாது, பக்கத்துச் சந்தில் புகுந்து ஒரு சூராவின், அதாவது சின்னத் தொழுகைக்கூடத்தின், கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். தொழுகைக்கு வந்தவர்கள் போனார்கள், வந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். சாப்பாடு ஆறிப்போயிற்று. ஒர்க்‌ஷாப் ஆட்கள் போன் மேல் போன் போட்டுப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சமைத்ததையெல்லாம் அடுக்குமாடியில் சும்மாவே கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து காரை எடுக்கவில்லை. கிராப் வாடகை வண்டி பிடித்துக் கொண்டுபோனேன். வருகிற லாபம் வண்டிக்கே போயிற்று.

வேறு வழியில்லாமல் மகளிடம் சொன்னேன். ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் கூப்பிட்டால் அப்பா எப்போதாவது எடுப்பார். அவள் போனில் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “அம்மா பேசணுமாம்பா” என்று என்னிடம் நீட்டினாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்.

“நானே ஒன்கிட்ட பேசணும்னு இருந்தேன். கோர்ட்டு சம்மன், மத்த சம்மன் எல்லாத்தையும் நான் போய் முடிச்சிடுறேன், காசு மட்டும் நீ அனுப்பு. வந்து காரையும் ஒன் பேருக்கு மாத்திக் குடுத்துடுறேன். ஆனா நீ லாயர் பேப்பர்ல சைன் போடணும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சா சீக்கிரம் முடிஞ்சிடுமாம். இங்க இவ கொழந்த உண்டாயிருக்கா.”

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, முகத்தில் ஒன்றும் காட்டாமல், “சரிங்க” என்றேன்.

“அப்பா என்னம்மா சொன்னாரு?”

“காரை என் பேருக்கு மாத்தித் தர்றாராம்.”

“பாத்தியாம்மா! நீதான் அப்பாவைத் திட்டிக்கிட்டே இருந்த. அவருக்கு நம்ம மேல பாசம் இருக்கும்மா” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பரீட்சை வேறு வரப்போகிறது. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

வளையலை அடகுக்கடையில் வைத்து, சம்மனுக்குப் பணம் அனுப்பினேன். கார் என் பேருக்கு வர வேண்டுமானால் முதலில் என் பேரில் புது இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கான தள்ளுபடி அவர் பேரில்தானே இருந்தது, புது ஆளான எனக்கு விலை கூடிற்று. அதையும் கட்டினேன்.

குறித்த நாள் காலையில் அவர் பொந்தியானிலிருந்து பஸ்ஸில் வந்து இலாகா வாசலில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அவர் போட்டு நான் பார்த்திராத சட்டை. “சாப்ட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன். வாய் பழக்கம். “ம்” என்றார்.

நம்பர் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு சின்ன வயது ஜோடி, புது வண்டி வாங்கிய சந்தோஷத்தில் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் சுவரில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கவுண்டரில் தூடோங் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு, “கசே சாயாங்கா, புவான்?” என்று கேட்டார்.

புவான் என்றால் அம்மா என்கிற மாதிரி மரியாதைச் சொல், ஆனால் அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கசே சாயாங் என்றால் அன்பு, பாசம். அவரே விளக்கினார். புருஷன் பெண்டாட்டிக்கோ, பெற்றவர்கள் பிள்ளைக்கோ வண்டியை மாற்றிக் கொடுத்தால் அதற்கு அப்படித்தான் பேராம். விற்பனை இல்லை, அன்பினால் கொடுப்பது. அப்படியென்றால் காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகத் தேவையில்லை, திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். சோதனைக்குப் போனால் என் பழைய கார் தேறாது, பெண்டாட்டியாக இருக்கும்போதே மாற்றினால் சோதனை வேண்டாம் என்று ஏஜெண்ட் பெண்மணி ஏற்கெனவே சொல்லியிருந்தார், இந்தப் பேரை மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் பிரியும் பத்திரத்துக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன்.

சான்றிதழைக் கொடுத்தேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப வருஷம் ஆயிற்றே என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். “நல்ல சுவாமி, புவான். எல்லாரும் கொடுக்க மாட்டாங்க.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான், “ஆமா” என்றேன்.

என் விரலை மெஷின் உடனே பிடித்துக்கொண்டது. அவருடைய விரலைப் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கே வந்தது. அன்னாசிப் பழத்தின் சாறு பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோயிருந்தது, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. “துடைச்சிட்டு வைங்க” என்றார் அதிகாரி. அவர் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தேடினார். நான் என்ன நினைத்தேனோ, அவர் கையை இழுத்து என் துப்பட்டாவால் அந்தக் கட்டைவிரலை நன்றாகத் துடைத்து, மெஷின் மேல் வைத்து, என் கையால் அழுத்திப் பிடித்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

அதிகாரி எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கார் என் பேருக்கு வந்துவிட்டது. ரோட் டாக்ஸும் கிடைத்தது. வெளியே வந்ததும், “லாயர் ஆபிசுக்கு ஒன் கார்லயே போயிடலாமா?” என்று கேட்டார். அவருக்கு வேறு வண்டி இல்லை. எங்கள் கல்யாணத்தை முறித்துக்கொள்ள அவரை நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒரு சிக்னலில் நின்றபோது, “பிரேக் சத்தம் போடுது. பேட் மாத்திடு” என்றார்.

கடைவீட்டு மாடியில் ஆபிஸ். தமிழ் லாயர், பொறுமையான பெண். ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்னார். “பொண்ணு அம்மாகிட்டயே இருக்கட்டும்னு சார் சொல்லியிருக்காரு. சரிதானேம்மா?”

அதற்குக்கூட ஒரு சண்டை வரும் என்று நான் நினைத்திருந்தேன். என் மகளைக் கேட்டுப் போராடுவார், நான் விடமாட்டேன் என்று மனசுக்குள் வசனமெல்லாம் வைத்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைன் போட்டேன்.

கீழே இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் விடச் சொன்னார். விட்டேன். இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குனிந்து, “பத்திரமா ஓட்டு” என்றார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பொந்தியான் பஸ்ஸைத் தேடி அவர் கூட்டத்துக்குள் போவதைப் பார்த்தேன். பின்னாலிருந்தவர் ஹார்ன் அடிக்கும் வரை எனக்குக் காரை எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டில் மகள் காரின் பதிவுப் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் குதித்தாள். என் பேர் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பி, நன்றி என்று எழுதினாள். பரீட்சை முடிகிற வரை நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்த அன்று சாயங்காலம் உட்காரவைத்து, அப்பாவை அந்தக் காரிலேயே லாயர் ஆபிசுக்குக் கூட்டிப்போனது வரை எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தப் போட்டோவைப் போனிலிருந்து அழித்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவுமில்லை. அதன்பிறகு அவள் அந்தக் காரின் முன்சீட்டில் உட்காருவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.

இப்போது காரில் பயமில்லாமல் போகிறேன், ஒர்க்‌ஷாப் ஆட்களும் திரும்பி வந்துவிட்டார்கள், தெரிந்தவர்கள் எல்லாரும் நான் தேறிவிட்டேன் என்கிறார்கள். ஆனால் அவர் வருவார் என்று காத்திருந்தது எனக்குப் பழகிப்போயிருந்தது; காத்திருக்க இனி யாருமில்லை என்று தெரிந்துகொண்டே காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பதுதான் எனக்கு இன்னும் பழகாமல் இருக்கிறது.