எழுதாமல் விட்ட கண்ணாடி

கார் கண்ணாடியில் குலசாமி பேர் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சாமி மேல் கோபமில்லை. எங்கள் நாமக்கல், சேலம் பக்கத்தில் லாரியோ ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோ டிராக்டரோ எது வாசலுக்கு வந்தாலும், முதல் வேலையாக முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் அந்த வீட்டுக்காரர்களின் கூட்டத்துக்கு, அதாவது குலப்பிரிவுக்கு, உரிய குலசாமியின் பேரைப் போட்டு, பக்கத்தில் 'துணை' என்று எழுதிவிடுவார்கள். வண்டி யாருடையது என்று கேட்கவே வேண்டாம். கண்ணாடியைப் பார்த்தாலே எந்தக் கூட்டம், யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் பெண் கொடுக்கலாம் என்பதுவரை தெரிந்துவிடும். இதெல்லாம் சின்ன வயதிலிருந்தே எனக்கு அத்துப்படி. ஆனால் எழுதாமல் விட்ட ஒரு கண்ணாடிக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் தெரியாமல் போனது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். விளைச்சல் காட்டுக்கு நடுவில் வீடு, சுற்றி மரவள்ளியும் சோளமும், ஓரமாக இரண்டு கோழிக் கொட்டகைகள். ஒன்றில் கோழிகள் இருந்தன. இன்னொன்று நோய் வந்து காலியானபோது, அப்பா மலிவாக வாங்கிய ஒரு பழைய காரை அதில் கொண்டுவந்து நிறுத்தினார். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. உடம்புதான் துருப்பிடித்துப் போயிருந்தது. கதவை ஓங்கிச் சாத்தினால் செம்பொடி கொட்டும்.

நான் அந்த வருஷம்தான் பிளஸ் டூ தேறியிருந்தேன். நாமக்கல்லில் பெண்கள் கல்லூரியில் கணக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. சிக்கல் வழியில் இருந்தது. தோட்டத்திலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு மூன்று மைல் வண்டித்தடம். இருபுறமும் ஆள் உயரச் சோளம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிடும்.

"வயசுக்கு வந்த புள்ளையைத் தனியா அந்தத் தடத்துல உடமாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

வழி சொன்னது அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அம்மாவிடம் சொல்ல முடியாததைக்கூட நான் அவரிடம் சொல்லுவேன்.

"இதுக்கெல்லாம் போயி அழுவாங்களா அம்முணி? அந்தக் காரை நாம ரெண்டு பேரும் சேந்து பெயிண்ட் பண்ணிப்போடலாம். நாமக்கல் வரைக்கும் போனா பெட்ரோலுக்குக் கட்டாது, ரோட்டு வரைக்கும் போதும். காத்தால உன்னய பஸ் ஏத்தி உட்டுப்போட்டு, காரைத் தோட்டத்துல நிறுத்திப்போட்டு நான் பட்டறைக்குப் போயிருவேன். பொழுதோட நானே கூட்டியாந்துருவேன்."

அப்பாவிடம் போய்ச் சொன்னோம். அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஓட்டைக் காருல எம்புள்ள போனா நாலு பேரு சிரிப்பாங்க. மொதல்ல காரு காராட்ட ஆவட்டும், பாக்கலாம்" என்றார்.

எங்கள் அப்பா வாயிலிருந்து வரும் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். தீபாவளித் துணியிலிருந்து அது எனக்குப் பழக்கம். அன்றைக்கு மட்டும் அது சரி என்று காதில் விழுந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்வர எதற்கு இத்தனை அலங்காரம் என்று, கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிய எனக்குத் தோன்றவேயில்லை. ஆசை வந்துவிட்டால் கூட்டலும் கழித்தலும் மறந்துவிடும் போலிருக்கிறது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். கையில் காசில்லை. அண்ணன் பட்டறையிலிருந்து மிச்சம் மீதியையெல்லாம் கொண்டுவருவார்: லாரிக்கு அடித்து மீந்த மஞ்சள், நீலம், அடியில் உறைந்த வெள்ளை, பாதி தேய்ந்த உப்புத்தாள். காரில் ஏறிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்குப் போக அம்மா தலைக்கு வைத்திருந்த அரப்புத்தூளை எடுத்துக் கரைத்துத் தேய்த்தேன்.

"தலைக்கே இல்லாத அரப்பைக் காருக்குத் தேய்க்கறா பாரு, சீமையில இல்லாதவ" என்று அம்மா கத்தினார். ஆனால் மறுநாள் இன்னொரு பொட்டலம் கொட்டகை வாசலில் இருந்தது. அம்மா மனசு இளகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

துருவைச் சுரண்டுவது என் வேலை. ஓட்டை விழுந்த இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டி அண்ணன் ஒட்டுப்போடுவார். பள்ளங்களில் பட்டி என்ற பசையை அப்பிக் காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் எங்கேயும் தட்டக்கூடாது. என் விரல்நுனியெல்லாம் தேய்ந்து, சோற்றில் ரசம் ஊற்றினால் சுரீரென்று எரியும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விளக்கெண்ணெய் தடவிவிடுவார். "எங்க பட்டறை மேஸ்திரிகூட இப்படித் தேய்க்கமாட்டாரு புள்ள" என்பார். அந்த ஒரு பேச்சுக்காகவே இன்னொரு கதவையும் தேய்த்திருப்பேன்.

பெயிண்டைப் பீய்ச்சி அடிக்கப் பட்டறையில்தான் மிஷின் இருந்தது. அதைக் கேட்டால் தரமாட்டார்கள். அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. பருத்திக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டும் டேங்க் வீட்டில் இருந்தது. கழுவிவிட்டுப் பெயிண்டைக் கலக்கி ஊற்றி, முதுகில் மாட்டிக்கொண்டு கதவுக்கு நேராக நின்று கைப்பிடியை அடித்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு போன வருஷத்துப் பூச்சிமருந்துக் கசடும் பெயிண்டும் சேர்ந்து திரிதிரியாகக் கதவில் போய் அப்பியது. சொறி பிடித்த நாய் மாதிரி ஆனது கதவு. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கதவை மறுபடி தகரம் தெரியத் தேய்த்தது நான்தான். தேய்க்கும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

கடைசியில் பிரஷ்ஷால் அடிப்பது என்று முடிவானது. எனக்கு வெளிர்நீலம் வேண்டும். நீலத்தையும் வெள்ளையையும் கலந்து தகரத்துண்டு ஒன்றில் பூசிக்கூடக் காய வைத்திருந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு என்னைக் கொஞ்சி, "நீலம் வேண்டாம் சாமி, சந்தனமா இருக்கட்டும். நல்ல காரியத்துக்கு அதுதான் லட்சணம்" என்றார். படிப்பும் நல்ல காரியம்தானே என்று நினைத்து, லாரி மஞ்சளில் வெள்ளையை ஊற்றிச் சந்தனமாக்கினேன்.

பூசிய ஈரம் காய்வதற்குள் பக்கத்துக் கொட்டகையிலிருந்து கோழி இறகு பறந்து வந்து ஒட்டும். பழைய சேலைகளை நனைத்துக் கம்பிவலை முழுவதும் தொங்கவிட்டேன். அப்படியும் ஒட்டும். காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்து, மறுபடி பூச வேண்டும். அதற்குள் கல்லூரி திறந்துவிட்டது. நான் பதறினேன்.

"நான் காலேஜுல நேர்ல போய்க் கேட்டுட்டேன் அம்முணி. கொஞ்சம் தள்ளிச் சேந்துக்கலாமாமா" என்றார் அண்ணன்.

நம்பினேன். அண்ணன் சொன்னால் சொன்னதுதான்.

எல்லாப் பூச்சும் முடிந்து, கார் வாசலில் வெயிலில் நின்றது. கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். பாக்கி ஒன்றே ஒன்றுதான், குலசாமி பேர். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே கரும்பலகையில் என்னைத்தான் எழுதச் சொல்லுவார்கள். சிவப்புப் பெயிண்ட் ஒரு சின்ன டப்பாவில் கலக்கி வைத்துவிட்டேன். கண்ணாடியில் சாக்கட்டியால் கோடு இழுத்து, எங்கள் சாமி பேரின் முதல் எழுத்துக்கு இடம் குறித்தபோது அப்பா வந்தார்.

"கண்ணாடியில ஒண்ணும் எழுதாத சாமி. அதை அப்பறம் எழுதிக்கலாம்."

"ஏனுங்கப்பா? சாமி பேர் இல்லாம வண்டியை எடுக்கக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லுவீங்க?"

அப்பா துண்டால் சாக்கட்டிக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கதவோரம் குத்தவைத்து, முந்தின நாளே தேய்த்து முடித்த இடத்தை உப்புத்தாளால் மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. நான் சிவப்பு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் வருகிறார்கள், நல்ல சேலையாகக் கட்டு என்றார் அம்மா. வந்தவர்கள் எடப்பாடிப் பக்கம். தறிப்பட்டறை வைத்திருப்பவர்கள், தோட்டமும் உண்டு. காப்பித் தம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லோரும் காரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரியவர் கதவைத் திறந்து சாத்திப் பார்த்தார். நான் தேய்த்த மாதிரியே உள்ளங்கையால் பானட்டைத் தடவினார். பிறகு கண்ணாடியைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"பேரு எழுதாம உட்டது நல்லதாப் போச்சுங்க. ஒருக்கா எழுதி அழிச்சா நல்லா இருக்காது. கல்யாணம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும் எங்க சாமி பேரை எழுதிக்கறமுங்க."

"அதுக்குத்தானுங்க உட்டு வெச்சிருக்கறோம்" என்றார் அப்பா.

என் கையில் தட்டு அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த நேரத்தில்தான் எல்லாம் விளங்கியது. சந்தன நிறம், இரண்டாவது அரப்புப் பொட்டலம், நல்ல காரியம், 'அப்பறம் எழுதிக்கலாம்'. கார் கொடுப்பதாகச் சீர் பேசி முடித்திருக்கிறார்கள். புதுக் கார் வாங்க வக்கில்லாமல் பழையதைப் புதுசாக்க வேண்டியிருந்திருக்கிறது. கூலி கொடுக்க வக்கில்லாமல் என்னையே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் கிடாய் வெட்டுமுன் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்க்கட்டும் என்று காத்திருப்பார்கள். சிலிர்த்தால் அது சம்மதித்துவிட்டதாகக் கணக்கு. எனக்கு யாரும் தெளிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தண்ணீரை நானே மொண்டு வந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு கொட்டகைக்குள் அண்ணனைப் பிடித்தேன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாங்ணா?"

"நல்ல எடம் அம்முணி."

"தெரியுமான்னு கேட்டனுங்க."

"அப்பா சொல்ல வேண்டாமுன்னுட்டாரு. சொன்னா நீ காருல கையே வெக்கமாட்டயாமா."

"காலேஜுல போய்க் கேட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் காலால் தரையில் கிடந்த இறகைத் தள்ளினார். "அவிய ஊட்டுல போயும் படிச்சுக்கலாமுன்னு சொல்லியிருக்கறாங்க" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

அப்பா ஏமாற்றியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாக்கள் அப்படித்தான், அதற்குப் பழகித்தான் பெண்பிள்ளைகள் வளர்கிறோம். ஆனால் என் விரலுக்கு விளக்கெண்ணெய் தடவிவிட்ட கை, எதற்காகத் தடவியது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை நான் அதுவரை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

அழுதேன், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். யாரும் அசையவில்லை. கல்யாணம் நடந்தது. எடப்பாடிக்கு அந்தக் காரில்தான் போனேன். ஓட்டியது அண்ணன். பெயிண்ட் வாசனை அப்போதும் போயிருக்கவில்லை. கதவுக் கைப்பிடிக்குக் கீழே நான் பார்க்காமல் விட்ட ஒரு சின்ன இறகு பூச்சுக்குள் உறைந்திருந்தது. வழி முழுவதும் அதை நகத்தால் கீறிக்கொண்டே போனேன். அது வரவில்லை.

மறுநாள் காலையில் மாமனார் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "உன்ற கையெழுத்து முத்தாட்ட இருக்குமுன்னு உங்கண்ணன் சொல்லிப்போட்டுப் போனாரு சாமி. நம்ம சாமி பேரை நீயே எழுதிரு. பெயிண்டு டிக்கியில வெச்சிருக்கறாராமா."

டிக்கியைத் திறந்தேன். நான் கலக்கி வைத்த அதே சிவப்பு டப்பா. காய்ந்துவிடாமல் இருக்க மூடிக்குக் கீழே பிளாஸ்டிக் தாள் வைத்து, சணல்கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. அண்ணன் பட்டறையில் போடுகிற கட்டு. பக்கத்தில் புதுப் பிரஷ் ஒன்று. மீந்த பெயிண்டிலும் தேய்ந்த உப்புத்தாளிலும் அந்தக் காரை முடித்தோம். கடைசியில் எனக்கென்று புதிதாக வாங்கியது அந்தப் பிரஷ் ஒன்றுதான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினேன்.

மறுவீட்டுக்கு என்னையும் மாப்பிள்ளையையும் அழைத்துப்போக அண்ணன் வந்தார். காருக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் படித்தார். "எழுத்து நல்லா வந்திருக்குது அம்முணி" என்றார். அவருக்கு எப்போதும் என் வேலையைப் பாராட்டத் தெரியும்.

"பெயிண்டு நல்லாக் காயாம இருந்துச்சுங்ணா. கட்டுனவிய கெட்டியாக் கட்டியிருந்தாங்க" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் உள்ளே போய்விட்டேன். அதன்பிறகு எத்தனையோ கல்யாணத்திலும் காரியத்திலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். என் மனசில் இருப்பதை அவரிடம் சொன்னதில்லை. ஒரு எழுத்தாவது கோணலாக எழுதியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். நான் ஒன்றைக்கூடக் கோணலாக எழுதவில்லை.