வெள்ளை பூத்த கப்பல்

பெயின்ட்டில் கலக்கும் தின்னரின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் வாய் புளிக்கும். நான் வளர்ந்த தாராவி வீட்டில் அந்த வாடை தனியாக வந்ததே இல்லை, பக்கத்து அறையில் வேகும் இட்லியின் மணத்தோடு கலந்தேதான் வரும். ஒற்றை அறை, மேலே தகரம், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர். அந்தச் சுவரும் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. அந்த இடைவெளியை எங்கள் வீட்டில் "பொந்து" என்போம். தினமும் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் இசக்கி அத்தை அதன் வழியாக இட்லியை நீட்டுவாள், அம்மா மீன்குழம்பை நீட்டுவாள். நாங்கள் கோயிலென்று சொல்வது தேவாலயத்தை, அவள் சொல்வது அம்மன் கோயிலை. மற்றபடி இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான், பேச்சும் ஒன்றுதான்.

அப்பாவின் தம்பியான என் சித்தப்பா அப்போது எங்களோடு இருந்தார். கப்பல் கம்பெனிகளின் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சின்னஞ்சிறு கப்பல்களைச் செய்துதரும் பட்டறை ஒன்று மாஹிமில் இருந்தது. ஒரு கப்பலுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடித்து முடித்துக் காட்டினால் நிரந்தர வேலை, இல்லையென்றால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்ற நிலை சித்தப்பாவுக்கு. பட்டறை முதலாளி சேட் விதித்தது ஒரே நிபந்தனை. கடைசியாக அடிக்கும் வார்னிஷ் "மேட்"டாக, மங்கலாக இருக்க வேண்டும். "சமக் நை மங்தா", பளபளப்பே கூடாது என்பார். பளபளத்தால் அது பொம்மையாம், மங்கினால்தான் கப்பலாம்.

பகலில் சந்தில் ஆள் நடமாடினால் தூசி கிளம்பி ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும் என்று சித்தப்பா விடியற்காலையில்தான் ஸ்ப்ரே அடிப்பார். அடிக்கும்போது கப்பலின் கறுப்பு அடிப்பாகம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருக்கும். நாங்கள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அதன்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். டப்பாவைச் சரியாகக் குலுக்கவில்லை, மங்கல் தரும் பொடி அடியிலேயே தங்கிவிட்டது என்று முதலில் தன்னையே நொந்துகொண்டார். கை வலிக்கக் குலுக்கி அடித்தார், பூத்தது. மெல்லிசாக அடித்தார், பூத்தது. தின்னரில் கலப்படம் என்று கடைக்காரனோடு மல்லுக்கு நின்று வேறு டப்பா வாங்கி வந்தார், அதற்கும் பூத்தது. மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடித்தால் வெள்ளை மாயமாகிக் கறுப்பு திரும்பிவிடும். அப்பாடா என்று மறுநாள் மேட் அடித்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பெரியவர் ஒருவர் அழுகையை அடக்குவதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த நாட்களில்தான்.

எங்கள் வீட்டில் சந்தேகம் அம்மாவின் இலாகா. எனக்கும் அந்தக் குணம் அப்படியே வந்திருக்கிறது, காய்கறிக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். அம்மா கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பொந்தை அண்ணாந்து பார்த்தாள், குரலை இறக்கினாள்.

"இது துன்னூறுல்லா! இசக்கி தம்பியும் அந்தப் பட்டறைக்குப் போயி, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்கள்லா? வயித்தெரிச்சல். மந்திரிச்ச விபூதியத் தூவுதா."

செய்வினை, மந்திரம் எல்லாம் வெறும் பொய் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் அதே அம்மாதான். எனக்கோ துளிகூடச் சந்தேகம் வரவில்லை, அதாவது அம்மா மீது. அன்றிலிருந்து இசக்கி அத்தை பொந்து வழியாக நீட்டிய இட்லியை நாங்கள் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் கொட்டினோம். அவள் இருமினாலும் காரணம் தேடினோம், தும்மினாலும் தேடினோம்.

கடைசியில் அம்மா ப்ளைவுட் பலகை வாங்கிவரச் செய்து, பொந்தை அடைத்து, விளிம்பில் பிளாஸ்டிக் தாளும் வைத்து ஆணி அடிக்கச் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் சித்தப்பா மேட் அடித்தார். வெயிலேறும்வரை நாங்கள் மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. "பாத்தியளா, அடைச்சதும் நின்னுட்டுல்லா!" என்றாள் அம்மா. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சித்தப்பாவுக்கு வேலை கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது.

இப்போது நான் அம்மாவோடு செம்பூரில் நாலாவது மாடியில் இருக்கிறேன். சித்தப்பாவைப் பார்த்துத் தொற்றிய கிறுக்கு, எனக்கும் லீவு நாளில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டி பெயின்ட் அடிக்க வேண்டும். போன மழையில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மேட் அடித்தேன். அரை மணியில் இறக்கை முழுவதும் வெள்ளை பூத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். அங்கே பொந்தும் இல்லை, இசக்கி அத்தையும் இல்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஈரக் காத்துல அடிச்சா பூக்கத்தான் செய்யும். அப்ப நமக்குப் பொந்து வழியா வந்த இட்லி ஆவி."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் சித்தப்பா?"

"வேலைக்குச் சேந்த மொத மழையிலயே தெரியும். சொன்னா மைனி, உங்கம்மா, என்னையத்தான் ஏசுவா. விடும்மா, பழைய கதை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. விமானத்தை வாங்கி, விரலால் தேய்த்து, முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பலகை அடிச்ச அன்னிக்கு, நீ பள்ளிக்கூடம் போனப் பொறவு, வாசல்ல இசக்கி வந்து நின்னா. 'அக்கா, நான் என்ன செஞ்சேன், அதையாவது சொல்லு'ன்னு கேட்டா. நான் கதவச் சாத்திட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தாராவிக்குப் போனோம். எங்கள் வரிசை வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். அங்கே லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது. இசக்கி அத்தை குடும்பம் விக்ரோலி பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், ஊருக்கே போய்விட்டதாக இன்னொருவர். அம்மா வாட்ச்மேனிடம் பெயர், சாயல், தம்பியின் பெயர் என்று எல்லாவற்றையும் தப்பும் தவறுமான ஹிந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு கேட்டைத் திறக்கப் போனார்.

"ஏட்டி, அவ கேட்டதுக்கு நான் இப்ப யார்ட்ட போயி பதில் சொல்ல?" என்றாள் அம்மா.