எடுத்துக் கொடுக்காத வரி

விரிப்பின் மேல் கிடந்த வலது கையைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை. பல்லாண்டுகள் லோரியின் கியரைப் பிடித்ததில் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. புறங்கை மட்டும் நோயில் மஞ்சள் பூத்து, வீங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது. மலாக்கா பெரிய மருத்துவமனையின் பொது வார்டு அது. பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்ப் பெரியவர் தம்மைப் பார்க்க வந்த பேரனுக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரிப்பின் மேல் கிடந்த அந்தக் கை மெல்ல நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தது. நான் விலக்கவில்லை. அதை மட்டும் பார்த்தவர்கள் பிற்பாடு என்னைப் பற்றி ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அந்தக் கதை பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கை என் மகனைக் கொன்ற கை. நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை, சட்டத்தில் அதற்கு மென்மையான வேறு பெயர் உண்டு. நான் மட்டும் கடைசிவரை கொலை என்றே சொல்லிவந்தேன். ஜாசின் சாலையில் பள்ளி விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பையன். எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிய தோட்டத்து லோரி. ஓட்டியவர் பகலிலேயே குடித்திருந்தார். சாலையோரத்தில் தாள்போட்டு மூடியிருந்ததைத் திறந்து காட்டியபோது, நான் அவன் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது அதற்காகத்தான் அவனைக் கடிந்திருந்தேன்.

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்நாட்டில் உத்தியோகம் பார்த்த குடும்பம். நான் ஜாசினில் கணக்கு ஆசிரியன். சபையில் போதகருக்கு உதவியாகப் பிரசங்கமும் செய்வேன். ஞாயிறு பிற்பகல்களில் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்துவது என் பொறுப்பு. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு எழுத்து வாசிப்பு இருக்காது. ஆகவே கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நான் வரிவரியாக முன்னால் சொல்ல, அவர்கள் பின்னால் சொல்வார்கள். யாராவது தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். அதற்கு நான் யோசிக்க வேண்டியதே இல்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் என் நாக்கு அந்த வேலையைச் செய்துவிடும்.

லோரிக்காரர் சிறையில் இருந்தபோது, கைதிகளைப் பார்க்கப் போகும் ஊழியர்கள் மூலம் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எரிச்சலாக இருந்தது. என் வீட்டுக்குள் தீ வைத்தவன் என் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறானே என்ற எரிச்சல். விடுதலையான பிறகு ஒருநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். சன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நான் கதவைத் திறக்கவில்லை. கொண்டுவந்த மங்குஸ்தான் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அதை யாரும் எடுக்கவில்லை. எறும்பு மொய்த்து, சாறு வடிந்து, சிமெண்டுத் தரையில் கறையானது. கறையை என் மனைவி தேய்த்துக் கழுவினாள். சபையில் அவரை ஒரேயொரு முறை பார்த்தேன். கடைசி இருக்கையில் இருந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கும் நேரத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

பிறகு ஈரல் கெட்டு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளியூரில் இருந்த போதகர் தொலைபேசியில் என்னை அழைத்தார். "நீங்க போக முடியாதுன்னா எனக்குப் புரியும் ஐயா. ஆனா அவர் உங்களத்தான் கேக்கிறார்" என்றார். போனேன். போகாமல் இருந்தால் சபையார் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஜெபம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். அவராகவே தொடங்கினார். காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்களின் ராகம் அது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சிறு காத்திருப்பு இருக்கும், முன்னால் சொல்லிக்கொடுப்பவருக்காக. பரலோகத் தந்தையின் பெயர், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம், அன்றாட ஆகாரம் என்று வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"அடுத்தது என்னாங்கய்யா? வாயில வர மாட்டேங்குது."

அடுத்தது மன்னிப்புக் கேட்கும் வரி. நாங்கள் பிறரை மன்னிக்கிறோம், அதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரே மூச்சில் சொல்கிற வரி. அது என் வாய்க்குள் வந்து நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். துக்கத்தில் நா எழவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அது உண்மையல்ல. இந்த மனிதர் கேட்டால் மன்னிப்பு கொடுக்கப்பட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான வீடுகளில் அதைத்தானே நான் பிரசங்கித்திருந்தேன்? கடவுளின் இரக்கத்தில் எனக்கு ஐயமிருந்திருந்தால் அந்த வரியை அலட்சியமாகச் சொல்லியிருப்பேன். ஐயமே இல்லாததால்தான் கொடுக்க மறுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பார்ப்பதுபோல் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அப்படி இல்லை. நான் எதற்காக வாயை மூடியிருக்கிறேன் என்று புரிந்துகொண்ட, வளர்ந்த ஆணின் பார்வை அது.

"களைப்பா இருக்கிறீங்க, படுங்க" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு எழுந்தேன். வெந்நீர்க் குடுவையோடு வார்டு வாசலில் அவர் மனைவி நின்றிருந்தார். பிடித்திருந்த கைகளை மட்டும் அவர் பார்த்திருக்கிறார். குடுவையைத் தரையில் வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். "தெய்வம்யா நீங்க" என்றார்.

வெளியே காரில் காத்திருந்த என் மனைவி, நான் ஏறியதும் கேட்டாள்: "மன்னிச்சனெண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

அவள் முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு வீடுவரை அழுதாள். மறுநாள் காலை லோரிக்காரர் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனவள், அவர் மனைவியைக் கட்டிக்கொண்டாள். மகன் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாதிருந்தவள் அன்று பசித்துச் சாப்பிட்டாள். என் பொய்யின் மேல் நின்று அவள் உண்மையாகவே மன்னித்தாள். அந்த மன்னிப்போடு வாழ்ந்து, அதோடு போயும் சேர்ந்தாள். பக்கத்தில் இருந்த நான் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை.

போதகர் பிரசங்கத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார். மக்கள் வரிசையில் நின்று என் கையைக் குலுக்கினார்கள். மறுத்திருக்கலாம், ஒரு வார்த்தை போதும். தலையைக் குனிந்துகொண்டேன், அதைப் பணிவு என்றார்கள். அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் நான்தான் அந்த ஜெபத்தை முன்னால் நின்று சொன்னேன். அந்த வரி வரும்போது என் குரல் இறங்கிவிடும். சபையின் குரல் பெரிதானதால் ஒருவரும் கவனித்ததில்லை. எனக்கு மட்டும் ஒரு கட்டிலும், என் முகத்தையே பார்க்கும் இரு கண்களும் தெரியும்.

அவருடைய ஆத்துமாவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கடவுளின் இரக்கம் ஒரு கணக்கு வாத்தியாரின் நாக்கை நம்பியிருக்குமானால் அது இரக்கமே இல்லை. நான் விழுங்கிய வரியைக் கடவுள் வேறு விதமாக அவருக்குக் கேட்கச் செய்திருப்பார். என் பயமெல்லாம் என்னைப் பற்றித்தான். குற்றவாளிக்கு இரக்கம் உண்டு என்று அறிந்த ஒருவன், அதை இன்னொரு குற்றவாளிக்குக் கைமாற்ற மறுத்தால், அவன் நீதியின் முன் என்ன சொல்லி நிற்பான்? என் மகன் இறந்தான் என்பதைச் சொல்லலாம். அங்கே நீதிபதியாக இருப்பவரும் சிலுவையில் மகனைப் பறிகொடுத்தவர்தான். அவரிடம் அது செல்லாது.

இப்போது நான் மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் பழைய வரிசை வீடொன்றில் தனியாக இருக்கிறேன். உண்மையை லோரிக்காரரின் மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்ததுண்டு. சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அந்த அம்மாவுக்கு இருக்கும் ஒரே ஆறுதல் போய்விடும். ஆகவே சொல்லாமல் சாவதே நியாயம் என்று முடிவுசெய்திருந்தேன். சென்ற ஆண்டு, அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்க உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாத்தியாரய்யா தானே? என்னாங்கய்யா இப்படி எளச்சிட்டீங்க? நாந்தான் குண்டாயிட்டேன், பாருங்க."

லோரிக்காரரின் மனைவியேதான். பக்கத்தில் நின்ற மகள், "எங்கம்மாவுக்கு இனிப்பு நீர் ஐயா. டாக்டர் கேட்டா சீனியே தொடுறதில்லன்னு சொல்லுவாங்க. நேத்து மூணு கேசரி" என்று காட்டிக்கொடுத்தார்.

"சும்மா இரு லா. கேசரி சின்னது." பிறகு என் பக்கம் திரும்பி, "புக்கிட் காத்தில்லதான் இருக்கோம். ஒரு நாளு வீட்டுக்கு வாங்கய்யா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அந்த வாரமே போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தார். முன்கூடத்தில் மாரியம்மன் படம், பக்கத்தில் லோரிக்காரரின் படம், அதன் மேல் ஒரு சிறு சிலுவை. நான் பார்ப்பதைக் கண்டு, "அவரு சாமி அவருக்கு. தொடச்சி வைக்கிறது மட்டும் நான்" என்றார். பிறகு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நீங்க அன்னிக்குப் போன பொறவு, 'அடுத்தது என்னா, அடுத்தது என்னா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாருய்யா. எனக்கு என்னா தெரியும்? நான் கோயிலுக்குப் போறவ. கோவம் வந்திருச்சி. 'பெத்த புள்ளயப் பறிகுடுத்த மனுசன் வந்து ஒக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போறாரு, அதுக்குள்ள மறந்துட்டியா, மண்டையில என்னா இருக்கு ஒனக்கு'ன்னு ஏசிட்டேன். செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறம் என்கிட்ட பேசவே இல்லய்யா. காலையில வார்டு மிஸி வந்து, போயிட்டாருன்னு சொன்னாங்க." முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "அவரு பாவத்த நீங்க மன்னிச்சிட்டீங்க. சாகப் போறவர நான் ஏசினத யாருகிட்ட போயி சொல்ல? உங்க சாமிகிட்ட எனக்காக ஒரு வார்த்த கேப்பீங்களா?"

நான் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்த ஆறுதலுக்கு அடியில் இந்த அம்மா இத்தனை காலம் எதைச் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பாவத்தை அவர் தம்முடையது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"அவர் மறக்கவில்லை அம்மா" என்றேன். "நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. கேட்டார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன்."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "கையப் புடிச்சிக்கிட்டு இருந்தீங்களே?"

"அவர்தான் பிடித்திருந்தார்."

முந்தானையைச் சுற்றுவது நின்றது. எழுந்து போய் மின்விசிறியை அணைத்தார், ஏனென்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்காரவில்லை.

"அவரு செஞ்சதுக்கு உள்ள இருந்துட்டு வந்தாரு. நீங்க எங்கய்யா இருந்தீங்க, இத்தன வருசம்?"

"சபையில" என்றேன்.

"போங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுத்த வாரம் வாங்க. கேக்க வேண்டியது இருக்கு."

அன்றிலிருந்து வாரம் தவறாமல் போகிறேன். அவர் கேட்பார். கணவர் முகம் அப்போது பயந்திருந்ததா? குரல் தெளிவாக இருந்ததா? மனைவி பெயரைச் சொன்னாரா? எனக்கு உண்மையில் எவ்வளவு வெறுப்பு இருந்தது? எதையும் குறைக்காமல் சொல்கிறேன். சில வாரங்களில் ஒன்றுமே கேட்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், நான் உட்கார்ந்திருப்பேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் உரிமை எனக்கில்லை. வராதே என்றும் அவர் சொல்லவில்லை. சபைப் போதகரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜெபத்தை இப்போது வேறொருவர் நடத்துகிறார்.

சென்ற வாரம் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"உங்க பையன் பேரு என்னாங்கய்யா? கோர்ட்டுல வாசிச்சாங்க. நான் காதப் பொத்திக்கிட்டேன். எங்க வீட்டுல யாரும் அந்தப் பேர சொன்னதில்ல."

எங்கள் வீட்டிலும் சொன்னதில்லை. என் மனைவி இருந்தவரை 'பிள்ளை' என்போம், பிறகு அதைக்கூடச் சொல்ல ஆளில்லை. நான் சொன்னேன். பாதிப் பெயரில் நின்றுவிட்டேன். அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்தப் பெயரைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், மெதுவாக, தவறில்லாமல்.