முகம் திருப்பும் மணிக்கூடு

நேரம் என்னவென்று யாராவது கேட்டால் பளீல் முதலாளி தன் கையைப் பார்க்கமாட்டார். அந்தக் கையில் மணிக்கூடு இருக்கும். அதுவும் சும்மா மணிக்கூடு இல்லை, கண்டியில் நாலு பேரிடம்கூட இல்லாத உசத்தியான மணிக்கூடாக இருக்கும். ஆனாலும் அவர் தலை தானாகத் திரும்பி மனைவி பஸீஹாவின் கையைத் தேடும். அவள் பக்கத்தில் நின்றால் எட்டிப் பார்த்துச் சொல்வார். மேல்மாடியில் இருந்தால் படிக்கட்டின் அடியில் போய் நின்று, "புள்ள, ஒண்ட கைய ஒருக்கா காட்டு" என்று சத்தம் போடுவார். கொழும்பு வீதியில் அவருடைய கடைக்கு லேஸும் பொத்தானும் தொப்பியும் வாங்க வருகிறவர்கள் பல வருஷமாக இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கைமணிக்கூட்டு ஆசை அவரைப் பிடித்தது 1924ஆம் வருஷம். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் எல்லாரும் சட்டைப் பையில் சங்கிலி மணிக்கூடு வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்பிள்ளை வேலை என்று பேச்சு. ஹந்தானையில் ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். உட்காரக் கதிரை வாங்கப் போன பளீல் கதிரை வாங்கவில்லை. கண்ணாடிக்கு மேல் சின்னக் கம்பி வலை போட்ட, யுத்தத்துக்குப் போய் வந்த வெள்ளி மணிக்கூடு ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வந்தார்.

பக்கத்து வீட்டில் அவருடைய ராத்தா ஹவ்வா உம்மா இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். ராத்தா ஒன்று சொன்னால் பளீலுக்கு மறுபேச்சுக் கிடையாது.

"அல்லாவே! என்ட தம்பி காப்புப் போட்டுக்கொண்டு வந்தீக்கான்! மருதோண்டி அரைக்கட்டா?" என்றார் ஹவ்வா உம்மா.

பஸீஹா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படித்தான். வெளியாள் முன்னாலும் மதினி முன்னாலும் அவளுக்குக் குரல் வராது. குர்ஆன் ஓதப் படித்ததோடு ஓதற்பள்ளியை விட்டவள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையில் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கும்போது கணவரின் நாக்கு நுனி வெளியே வருவதைப் பார்த்தாள். படிக்கட்டில் அவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தால் சட்டைப் பையில் புது மணிக்கூடு இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

அடுத்தது தண்ணீர் போகாத ரோலெக்ஸ். கொழும்பில் சொல்லி வைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து எடுப்பித்தது. வந்த அன்றைக்கே கடை வாசலில் கண்ணாடித் தொட்டி வைத்து, இரண்டு மீனுக்கு நடுவில் அதை இறக்கிவிட்டார். மீன்கள் வந்து முட்டிப் பார்த்தன. மணிக்கூடு தன் பாட்டுக்கு ஓடியது. வீதியே கூடிவிட்டது. ரிக்சாக்காரர்கள் ரிக்சாவை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அன்றைக்குக் கடையில் ஒரு பொத்தான்கூட விற்கவில்லை. பளீலுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அவருடைய சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு தொழுகைக்கும் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியில் கைகால் கழுவும்போது மணிக்கூட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அது விழுந்துவிடுமோ என்று தொழுகை முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். இனி அந்தத் தொல்லை இல்லை! வெள்ளிக்கிழமை பள்ளியில் எல்லாரும் பார்க்க, மணிக்கூட்டோடு முழங்கை வரை கையை ஹவுழுக்குள் விட்டார். அழகாகத் தேய்த்தார். தேவைக்கு மேல் ஒரு தடவை தண்ணீர் வார்த்தார்.

பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த ஹலீம் லெப்பை சொன்னார்: "மணிக்கூட்டுக்கு ஒளூ ஆகிட்டு மகன். அதுக்குக் கீழ ஈக்கிற தோலுக்கு?"

தோலில் தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்கு முன் கழுவும் ஒளூ நிறைவேறாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் பளீலுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. ஹவுழைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் தண்ணீரே அலையடித்தது. தண்ணீர் போகாத மணிக்கூட்டைத் தண்ணீருக்காகக் கழற்றிப் பையில் போட்ட மனிதர், வீட்டுக்கு வந்து பஸீஹாவிடம் அதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு தேயிலை விலை விழுந்த காலம் வந்தது. துரைமார் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலேறினார்கள். 1933 கடைசியில், ஏலக்காரரிடம் வேலை செய்யும் நாவலப்பிட்டி ராஜலிங்கம் கடைக்குள் மூச்சு வாங்க வந்தான்.

"மொதலாளி, தெல்தோட்டையில ஒரு தொரை ஊருக்குப் போறாரு. அவரு கையில கெடக்கிறது மணிக்கூடு இல்லீங்க, கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி!"

"என்னடா சொல்ற?"

"மூஞ்சியத் திருப்பிக்குதுங்க! இப்புடித் தள்ளுனா நேரம் காட்டும், அப்புடித் தள்ளுனா முதுகக் காட்டும். குதுரையில ஏறிப் பந்து அடிக்கிறப்ப கண்ணாடி ஒடையாம இருக்கவாம்."

பளீல் கடையை அடைத்துவிட்டுத் தெல்தோட்டைக்குப் போனார். திரும்பி வந்தபோது படிகளை மூன்று மூன்றாகத் தாவினார். ஆனால் மேசையில் அதை வைத்தவர், கையில் கட்டவில்லை.

"கட்டிப் பாக்கல்லியா?" என்றாள் பஸீஹா.

"பொன் புள்ள," என்றார் பளீல். அழுகிற பிள்ளையின் முகம்.

ஏலத்தில் நிற்கும்போது பித்தளை நிறம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் வைத்தால் பொன் பொன்தான். மார்க்கத்தில் ஆண்பிள்ளைக்குப் பொன் ஹராம், கட்ட ஆகாது. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அந்தச் சதுர மணிக்கூட்டைத் திருப்பினார்கள். முகம். முதுகு. முகம். அதைப் பிரியவும் முடியாமல் கட்டவும் முடியாமல் அவர் தவித்ததை பஸீஹா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செய்தி கேட்டு ஹவ்வா உம்மா வந்தார்.

"ஆம்புளைக்கு ஆகாத பொன் என்னத்துக்கு வீட்டில? நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் பத்தர்கிட்ட குடுத்து உருக்கிடு. என்ட மகள் றமீஸாட கலியாணத்துக்குக் காப்புச் செய்யேலும்."

"ராத்தா, அது ஓடுதே..."

"உருக்கினா நிண்டுடும்."

பளீல் தலையைக் குனிந்தார். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து பஸீஹா மெதுவாகச் சொன்னாள்: "மதினி, பொம்புளைக்குப் பொன் ஆகும்தானே. நான் கட்டுறேன்."

ஹவ்வா உம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "மணி பாக்கத் தெரியாதவளுக்கு மணிக்கூடு! வாசப்படி தாண்டாதவளுக்கு நேரம் என்னத்துக்கு? சரி, பெருநாள் வரைக்கும் கட்டு. அதால ஒரு பிரயோசனம் ஈக்கி எண்டு நான் காணணும். இல்லாட்டிப் பத்தர்தான்."

அன்று பின்னேரமே பாடம் தொடங்கியது. மணிக்கூட்டின் முகத்தில் எண்களே இல்லை, கோடுகள் மட்டும்தான்.

"எழுத்து இல்லியா? அப்ப எனக்கெண்டே செஞ்சீக்கான் வெள்ளக்காரன்," என்றாள் பஸீஹா.

"இஞ்ச பாரு. பெரிய முள்ளு ஓடித் திரியிறவன். சின்ன முள்ளு சோம்பேறி, அசையவே மாட்டான்."

"சின்ன முள்ளு நீங்க. வெளங்கிட்டு."

வார் அவள் கைக்குப் பெரிது. பளீல் ஊசியைச் சூடாக்கிப் புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அப்படியும் கையைத் தூக்கினால் மணிக்கூடு முழங்கை வரைக்கும் சறுக்கி ஓடும். மசாலா அரைக்கும்போது முகத்தைத் திருப்பிவிடுவாள்; அரைத்து முடிந்ததும் மறுபடி திருப்பி, "என்ன, கோவம் தீந்திட்டா?" என்று அதனோடு பேசுவாள். நாளுக்கு நூறு தடவை நேரம் பார்த்தாள். சோறு கொதிக்க எவ்வளவு நேரம், கணவர் கொட்டாவி விட எவ்வளவு நேரம், பள்ளியில் மாலைத் தொழுகைப் பாங்கு சொல்லும்போது பெரிய முள் எந்தக் கோட்டில், எல்லாம் பார்த்தாள். ஆனால் ஹவ்வா உம்மா காணும்படியான பிரயோசனம் மட்டும் ஒன்றும் வரவில்லை. நோன்பு பாதிக்கு மேல் போய்விட்டது. பளீல் பத்தர் கடைப் பக்கம் நடப்பதையே விட்டுச் சுற்றிப் போனார்.

ஒரு நாள் நோன்பு திறக்க அந்த வீதிப் பெண்கள் எல்லாரும் ஹவ்வா உம்மா வீட்டில் கூடினார்கள். பாய் விரித்து, கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழமும் வைத்து உட்கார்ந்தபோது மழை பிடித்தது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவது போன்ற மழை. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. பள்ளியிலிருந்து வரும் பாங்கு எங்கே கேட்கப் போகிறது! வானம் முன்னமே இருட்டிவிட்டது.

"பாங்கு சொல்லிட்டாங்க, எனக்குக் கேட்டிச்சி. தொறங்க!" என்றார் ஹவ்வா உம்மா. பழத்தை வாய்க்குக் கொண்டு போனார். எல்லாக் கைகளும் மேலே போயின.

பஸீஹா கையைப் பார்த்தாள். வெறும் பொன் முதுகு. ஈர விரலால் தள்ளினாள், வழுக்கியது. மறுபடி தள்ளினாள். முகம் திரும்பியது. ஓடித் திரிகிறவன், அந்தப் பெரிய முள், நேற்றுப் பாங்கு சொன்ன கோட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வாய்க்குள் போனால் எல்லாருடைய நோன்பும் போய்விடும்.

"இல்ல மதினி! வாயில வெக்காதீங்க!"

அது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவ்வளவு மழையிலும் எல்லாருக்கும் கேட்டது. பாதித் தூரத்தில் நின்ற கைகளோடு பெண்கள் சிலையாகிவிட்டார்கள்.

"இந்த மழையில ஒனக்கு என்னடி தெரியும்?" என்றார் ஹவ்வா உம்மா, பழத்தை உதட்டில் வைத்தபடியே.

"எனக்குத் தெரியா. இதுக்குத் தெரியும்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். கையை இறக்கவேயில்லை. "கொஞ்சம் பொறுங்க."

"மகள், பழம் கையிலேயே கரையிது," என்று ஒரு கிழவி முனகினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பாய் முழுவதும் பரவியது. பசியும் தாகமும் சிரிப்புமாக, பேரீச்சம்பழங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பெண்களும் ஒருத்தியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடித் திரிகிறவன் கோட்டுக்கு வந்தான். பஸீஹா வாயைத் திறக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து மழை மூச்சு வாங்கியது போல் ஒரு கணம் தணிந்தது. பள்ளிப் பக்கமிருந்து பாங்கின் முதல் சொல் தெளிவாகக் கேட்டது.

ஹவ்வா உம்மா பழத்தைத் தின்றார். கஞ்சியைக் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு பஸீஹாவின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. பளீல் நனைந்துகொண்டு வாசலுக்கு வந்தபோது ராத்தா சொன்னார்:

"தம்பி, காப்புக்கு வேற பொன் பாப்பம். இது கெடக்கட்டும்."

பளீல் அந்த ஈரச் சட்டையோடு வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். பார்த்தவர்கள் ஆடினார் என்றே சொல்கிறார்கள்.

மறுநாள் ஹவ்வா உம்மாவிடமிருந்து ஆள் வந்தது: "பஸீஹாட கைய அனுப்பட்டாம்."

"கை மட்டும் வரேலாது, நானும் வாறேன்," என்று பஸீஹா சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு பளீலைப் பிடிக்க முடியவில்லை. மனைவிக்கென்றால் பொன் வாங்கலாமே! ஏலங்களில் துரைசானிமாரின் பொன் மணிக்கூடுகளை நிமிர்ந்து நின்று கேட்டார். ஆனால் பஸீஹா ஒரு நிபந்தனை போட்டாள். அலுமாரியில் பூட்டி வைக்க அவள் சம்மதிக்கமாட்டாள். வாங்கினால் கட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். ஒரு மணிக்கூட்டுக்கு வாவியைச் சுற்றி நடந்தார்கள். இன்னொன்றுக்கு நாவலப்பிட்டிக்கு ரயிலில் போனார்கள். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் ஜன்னலால் தலையை நீட்டி, கார்டிடம் "பிந்திட்டீங்களே" என்று சொன்னாள். கார்டு தன் சங்கிலி மணிக்கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். பளீலுக்குச் சிரிப்புத் தாங்காமல் இருமல் வந்துவிட்டது.

இப்போது 1938. வீட்டில் ஐந்து கைமணிக்கூடுகள் இருக்கின்றன. வெள்ளி மணிக்கூடும் தண்ணீர் போகாததும் பளீலுடையவை. பொன் மூன்றும் பஸீஹாவுடையவை. அவற்றுக்கு அவள்தான் சாவி கொடுக்கிறாள். றமீஸாவின் காப்புகள் வேறு பொன்னில் செய்தவை. நோன்பு மாதத்தில் அந்த வீதிப் பெண்கள் பஸீஹாவின் கையைப் பார்த்துத்தான் நோன்பு திறக்கிறார்கள்.